மூன்றரை லட்சத்தில் ஒரு வீடு: கலைஞர் கனவு இல்லமும் பிரதமர் வீட்டுத் திட்டமும், ஒரு மதிப்பீடு

சென்னை மாவட்டத்துக்குள் ஒரு கிராம ஊராட்சிகூடக் கிடையாது. அதனால் ஊரக வீட்டுத் திட்டம் எதிலும் சென்னை முகவரிக்கு வீடு வராது. ஆனால் கிளாம்பாக்கத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். செய்யாறு, திண்டிவனம், பண்ருட்டி பக்கம் அப்பா அம்மா இருக்கும் வீடு ஓலையாகவோ ஓடு சரிந்த மண்சுவராகவோ இருக்கும். "கவர்மென்ட் வீடு வருதாமே, எழுதிப் போடலாமா?" என்ற கேள்வியும் கூடவே இருக்கும். இந்த மதிப்பீடு அவர்களுக்காக. நகரத்தை ஒட்டிய மீஞ்சூர், சோழவரம், குன்றத்தூர், காட்டாங்கொளத்தூர் ஒன்றியங்களில் இருப்பவர்களுக்கும் பொருந்தும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். குடிசையில் இருப்பவருக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கக்கூடியதில் நல்லது கலைஞர் கனவு இல்லம். மத்திய அரசின் பிரதமர் ஊரக வீட்டுத் திட்டம் அதற்கு அடுத்தபடி. இரண்டிலும் அரசு வீடு கட்டித் தருவதில்லை. நீங்கள் கட்டக் கட்ட, கட்டிய அளவைப் பார்த்துப் பணம் தருகிறது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் கடைக்கால் தோண்டியவர்களின் வீடுகள்தான் லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை அளவில், செடி முளைத்து நிற்கின்றன.

தொகை எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு

கனவு இல்லம் 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் என்பது இலக்கு. முதல் ஆண்டுக்கு ஒரு லட்சம் வீடு, வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். 2025-26 பட்ஜெட்டில் இன்னொரு லட்சம் வீட்டுக்கு 3,500 கோடி ஒதுக்கினார்கள். வீட்டின் அளவு சமையலறை உட்பட 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், அதாவது கான்கிரீட் மேல்கூரை, கட்டாயம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். ஓலைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கும் அனுமதி இல்லை, ஓடு போடலாம்.

இந்த 3.50 லட்சமும் நோட்டாக வரும் என்று நினைத்து மேஸ்திரியிடம் பேசிவிடக் கூடாது. 3.10 லட்சம்தான் மாநில அரசு வீட்டுக்கென்று தரும் தொகை. மீதி நாற்பதாயிரத்துக்கு இரண்டு வாசல். ஒன்று நூறு நாள் வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலி. 2024-25-இல் தமிழ்நாட்டுக்கான நாள் கூலி 319 ரூபாய், ஆக 28,710. இன்னொன்று தூய்மை பாரத இயக்கத்தின் கழிப்பறை மானியம் 12,000. இந்த இரண்டும் தனித்தனிப் பட்டியல், தனித்தனி எழுத்தர், தனித்தனித் தேதி. போதாக்குறைக்கு சிமெண்டும் கம்பியும் ஒன்றியத்தின் வழியாகப் பொருளாகவே வரும். அதன் விலை உங்கள் பில்லில் கழியும். ஆகக் கொத்தனார் கூலி, செங்கல், ஜல்லி, மணல், கதவு ஜன்னல், எலக்ட்ரிக் வேலை எல்லாவற்றுக்கும் ரொக்கமாகக் கையில் நிற்பது மூன்று லட்சத்துக்கும் நன்றாகவே கீழே.

பிரதமர் திட்டத்தின் அடிப்படைத் தொகை சமவெளியில் 1.20 லட்சம், மலைப் பகுதியில் 1.30 லட்சம். 2016-இல் திட்டம் தொடங்கியபோது வைத்த தொகை இது. சிமெண்ட் விலையும் சித்தாள் கூலியும் எங்கேயோ போய்விட்டன, இது மட்டும் அசையவில்லை. தமிழ்நாட்டில் இந்தத் தொகைக்குள் எந்த மேஸ்திரியும் பேஸ்மென்ட்டைத் தாண்ட மாட்டார் என்பதால் மாநில அரசு கான்கிரீட் கூரைக்கென்று தனியாகப் பணம் சேர்த்தது. முதலில் 50,000, பிறகு அதை 1.20 லட்சமாக உயர்த்தி மொத்தம் 2.40 லட்சம் ஆக்கினார்கள். அடிப்படைத் தொகையில் மத்திய அரசின் பங்கு அறுபது சதவீதம், அதாவது 72,000. மாநிலத்தின் பங்கு 48,000, அத்தோடு கூரைப் பணம். கூட்டிப் பார்த்தால் "மோடி வீடு" என்று ஊரில் சொல்லும் வீட்டுக்கு நூற்றுக்கு எழுபது ரூபாய் கோட்டையிலிருந்து போகிறது. சுவரில் யார் படம் ஒட்டுவது என்ற சண்டை கட்சிக்காரர்களுக்கு. குடியிருப்பவருக்கு வேண்டியது கூரை.

குறைந்தபட்ச அளவு இதில் 25 சதுர மீட்டர், சுமார் 270 சதுர அடி. நூறு நாள் வேலைக் கூலியும் கழிப்பறைப் பணமும் இதற்கும் உண்டு. விருப்பப்பட்டால் வங்கியில் 70,000 வரை கடன் வாங்கலாம் என்று விதி சொல்கிறது. வங்கி வாசலில் அது அவ்வளவு சுலபமாக நடக்காது. குடிசைக்காரரிடம் அடமானம் வைக்க என்ன இருக்கும்?

தொகைக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் கனவு இல்லத்துக்குப் பத்துக்கு ஆறு, பிரதமர் திட்டத்துக்கு நான்கு. ஒப்பிட்டுப் பார்க்க: 2011-12-இல் வந்த பசுமை வீட்டில் 300 சதுர அடிக்கு 1.80 லட்சம் தந்தார்கள், அதில் 30,000 சோலார் விளக்குக்கு. அன்றைய விலைவாசிக்கு அந்தத் தொகை இப்போதையதைவிட நெருக்கமாக வீட்டை முடித்தது.

யாருக்குக் கிடைக்கும்

எங்கேயும் மனு எழுதிக் கொடுத்தவுடன் வீடு வராது. இரண்டு திட்டமும் பட்டியல் வழியாகத்தான் ஓடுகின்றன. கனவு இல்லத்துக்கு அடிப்படை, 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்துக்காக எடுத்த குடிசைக் கணக்கெடுப்பும் அதற்குப் பிறகு ஊரக வளர்ச்சித் துறை எடுத்த வீடுகள் கணக்கெடுப்பும். குடிசையில் உண்மையிலேயே குடியிருக்க வேண்டும். வேறு இடத்தில் கான்கிரீட் வீடு இருந்தாலோ, குடிசையை வாடகைக்கு விட்டிருந்தாலோ, மாட்டுக் கொட்டகையைக் குடிசை என்று காட்டினாலோ பெயர் விழும். பிரதமர் திட்டத்துக்கு 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு, 2018-19-இல் எடுத்த ஆவாஸ் பிளஸ் பட்டியல், பிறகு 2024-இல் தொடங்கிய புதிய ஆவாஸ் பிளஸ் கணக்கெடுப்பு. கடைசியாகச் சொன்னதில் செல்போன் செயலியில் முகத்தைக் காட்டி நீங்களே பதிவு செய்துகொள்ளவும் வழி வைத்தார்கள்.

எந்தப் பட்டியலானாலும் கிராம சபை ஒப்புதல் தர வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் நான்கு நாள் அரசு விடுமுறை என்பதால் சென்னையில் வேலை பார்க்கிறவருக்கும் ஊருக்குப் போய் உட்கார முடியும். போனால் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். தீர்மான நோட்டில் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சைதாப்பேட்டை பனகல் மாளிகையில்தான் ஊரக வளர்ச்சித் துறையின் இயக்குநரகம் இருக்கிறது என்று அங்கே போய் நிற்பதால் ஒன்றும் ஆகாது. எந்த வீட்டுக்கும் பெயர் அங்கே சேர்வதில்லை.

ஊராட்சித் தலைவர் யார் என்பதும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். திருவள்ளூர் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர் வந்தார். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்ததால் காலக் கணக்கே வேறு. தனி அலுவலர் இருக்கும் ஊரில் கையெழுத்து வட்டார வளர்ச்சி அலுவலருடையது. ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பிடிஓ உண்டு. நமக்கு வேண்டியவர் கிராம ஊராட்சிகளுக்கானவர்.

சென்னையில் பிள்ளைகள் சம்பாதிக்கும் குடும்பங்கள் பிரதமர் திட்டத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. 2024-இல் தகுதி நீக்க விதிகளைத் தளர்த்தினார்கள். இருசக்கர வாகனம், ஃபிரிட்ஜ், லேண்ட்லைன் போன், மீன்பிடிப் படகு இருந்தால் கிடையாது என்பதெல்லாம் போனது. குடும்பத்தில் ஒருவர் மாதம் 10,000-க்கு மேல் சம்பாதித்தால் தகுதியில்லை என்பது 15,000 ஆனது. ஆனால் "தொழில் வரி கட்டுபவர்" என்ற விதி அப்படியே இருக்கிறது. சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினாலே தொழில் வரி உண்டு. மாதம் 3,500 ரூபாய் என்று கணக்கு! துணிக்கடையில் 12,000 சம்பளம் வாங்கும் பையனுக்கும் சம்பளச் சீட்டில் அந்த வரி பிடித்திருப்பார்கள். பதினைந்தாயிரம் விதியில் தப்பித்தவர் இதில் விழுவார். இந்த விதியை எழுதியவர்கள் தமிழ்நாட்டின் தொழில் வரி அடுக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை. பிள்ளை உண்மையிலேயே தனிக்குடித்தனம் என்றால் குடும்ப அட்டையும் தனியாக இருக்கட்டும். கணக்கெடுப்புக்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டும்; பிறகு செய்தால் சந்தேகம்தான் வரும்.

புறநகரில் இன்னொரு சிக்கல். ஊராட்சி, நகராட்சியோடோ மாநகராட்சியோடோ இணைந்துவிட்டால் ஊரகத் திட்டம் அன்றோடு சரி. ஆவடி 2019-இலும் தாம்பரம் 2021-இலும் மாநகராட்சி ஆயின. இணைப்புப் பேச்சு சென்னையைச் சுற்றி ஓய்வதே இல்லை. அப்படி இணைந்த ஊர்களில் கேட்க வேண்டியது பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில், சொந்த நிலத்தில் தாமே கட்டுவோருக்கான பிரிவு. விண்ணப்பம் போகும் இடமும் வேறு, தொகையும் வேறு.

இருளர் குடும்பங்களுக்குத் தனி வாசல் ஒன்று உண்டு. 2023 நவம்பரில் தொடங்கிய பிஎம் ஜன்மன் திட்டத்தில் அடிப்படைத் தொகையே 2 லட்சம். திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் இதற்குத் தகுதியானவர்கள் நிறைய. பலர் நிற்பது பழங்குடியினர் சான்றிதழ் இல்லாமல். அந்தச் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். வீட்டு மனுவுக்கு முன்னால் அந்த மனு.

பட்டா

திட்டத்தில் ஏறிய பெயர்கள் கழன்று விழும் முதல் இடம் இது. பட்டா இல்லாமல் பணி உத்தரவு கிடையாது. ஊரில் "எங்க தாத்தா காலத்து இடம்" என்பதற்கு ஒன்றியத்தில் மதிப்பில்லை.

கிராம நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வழி இருக்கிறது. நத்தம் நிலவரித் திட்டத்தில் தோராயப் பட்டா (தற்காலிகப் பட்டா) தந்திருப்பார்கள்; தூய பட்டாவாக (இறுதிப் பட்டாவாக) மாற்றாமல் பெட்டியில் கிடக்கும். பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்ற வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அவசரத்துக்குப் பங்காளிகளிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குகிறார்கள். அதை வெறும் பேப்பரில் வாங்காதீர்கள். பேஸ்மென்ட் எழும்பியதும் சித்தப்பா மகன் வந்து "என் பங்கு எங்கே?" என்று நிற்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. வேலை நின்றால் பில் நிற்கும், பில் நின்றால் மேஸ்திரி வேறு ஊருக்குப் போய்விடுவார்.

புறம்போக்கில் இருப்பவர்கள் முதலில் எந்தப் புறம்போக்கு என்று, நிலத்தின் வகை எழுதியிருக்கும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் பாருங்கள். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்று நீர்நிலையாக இருந்தால் யார் வாக்குக் கொடுத்தாலும் நம்ப வேண்டாம். நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு அதில் பட்டா தர எந்த அதிகாரிக்கும் துணிவு வராது. ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் வரன்முறைப்படுத்திப் பட்டா தரலாம்.

இதில் சென்னையைச் சுற்றியவர்களுக்கு மட்டும் அறுபது ஆண்டுப் பழைய ஒரு முடிச்சு இருந்தது. நகரத்தைச் சுற்றி 32 கிலோமீட்டருக்குள் புறம்போக்கைக் குடியிருப்பவருக்குப் பட்டா போட்டு ஒப்படை செய்யக் கூடாது என்ற "பெல்ட் ஏரியா" தடை, 1962-லிருந்து. திருவள்ளூரில் அடுத்தடுத்த இரண்டு ஊரில், ஒரு ஊர்க்காரருக்குப் பட்டா கிடைக்கும், கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குக் கிடைக்காது. 2025 பிப்ரவரியில் அமைச்சரவை இந்தப் பகுதிகளிலும் மற்ற நகரங்களை ஒட்டிய இடங்களிலும் இருப்பவர்களுக்கு, சுமார் 86,000 பேருக்கு, பட்டா தர முடிவு செய்தது. அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் பார்த்துவிட்டுத்தான் வீட்டுத் திட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் போகும்.

பிறகு பெயர். ஆதாரில் "லட்சுமி கு", பட்டாவில் "லெட்சுமி க/பெ குமார்", வங்கியில் "லக்ஷ்மி". மனிதருக்கு ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். மூன்றையும் ஆதாரில் உள்ளபடி ஒன்றாக்குங்கள். வீடு பெண்ணின் பெயரில் அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும் வருவது பிரதமர் திட்டத்தில் விதி, அதனால் அம்மாவின் ஆவணங்களைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

வங்கிக் கணக்கு

சின்ன விஷயம் போலத் தெரியும், மாதக்கணக்கில் இழுக்கும். ஆதாரை வங்கியோடு இணைப்பது வேறு, மானியப் பணம் வந்து விழும்படி தேசியப் பணப் பரிமாற்ற அமைப்பில் கணக்கைப் பதிவது வேறு. இரண்டாவதைத்தான் வங்கியில் "சீடிங்" என்கிறார்கள். ஒரு ஆதாருக்கு ஒரு கணக்கில்தான் அது நிற்கும், கடைசியாக எங்கே பதிந்தீர்களோ அங்கே. நகைக் கடனுக்காக வேறு வங்கியில் புதுக் கணக்கு திறந்து ஆதார் கொடுத்திருந்தால் வீட்டுப் பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

ஜன்தன் கணக்கிலும் ஒரு கண்ணி. முழு ஆவணம் கொடுக்காமல் திறந்த "சிறு கணக்கு" என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது, இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது, மாதம் 10,000-தான் எடுக்கலாம். வீட்டுத் தவணை வந்தால் திரும்பிப் போகும். ஆதார், பான் அல்லது அதற்கான படிவம் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிவிடுங்கள். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும். வங்கியில் ஆதார் போன்ற ஆவணங்களைப் புதுப்பித்துக் கொடுத்து அதற்கு உயிர் கொடுங்கள்.

கட்டும்போது

பணம் நான்கு கட்டமாக நகர்கிறது: பேஸ்மென்ட், லிண்டல், தளம், முடிந்த வீடு. ஒவ்வொரு கட்டத்திலும் பணி மேற்பார்வையாளர் வந்து, இடக் குறியீட்டோடு போட்டோ எடுத்து ஏற்றினால்தான் பில். மக்கள் இன்னும் ஓவர்சியர் என்றுதான் சொல்கிறார்கள். ஒருவருக்குப் பல ஊராட்சிகள் இருக்கும். பேஸ்மென்ட் முடிந்த அன்றே போன் செய்து தேதி வாங்குங்கள். அவர் வராமல் சுவரை எழுப்பிவிட்டால் முந்தைய கட்டப் போட்டோ இல்லாமல் போய்ப் பதிவில் குழப்பம் வரும். போட்டோ எடுக்கும் இடமும் முக்கியம்: பழைய குடிசையின் முன்னால் எடுத்த இடக் குறியீட்டிலிருந்து புது வீடு தள்ளிப் போனால் கேள்வி வரும். குடிசையைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் கட்டுவதுதான் வம்பில்லாத வழி.

மிகப் பெரிய தவறு கடைக்காலிலேயே நடக்கிறது. "கட்டுறதே கட்டுறோம், கொஞ்சம் பெருசா கட்டிக்கலாம்" என்று 360-ஐ 600 ஆக்குவார்கள். பில் 360-க்குத்தான். மேஸ்திரி சதுர அடிக்கு 2,000 ரூபாய் கேட்டால் 360 சதுர அடிக்கே 7.20 லட்சம் ஆகும்; அதில் அரசுப் பணம் பாதிகூட வராது. 600 என்றால் 12 லட்சம். முதல் தவணையும் சொந்தப் பணமும் பேஸ்மென்ட்டிலேயே கரைந்து, தளத்துக்குக் கம்பி வாங்க வட்டிக்கு அலைவார்கள். பெரிதாக்க ஆசை இருந்தால் இப்போதே அடித்தளத்தைப் பெரிதாக்காமல், தளத்தின் ஓரத்தில் கம்பியை நீட்டிவிட்டுச் சிமெண்ட் பூசி மூடி வையுங்கள். அடுத்த அறை அடுத்த ஐந்தாண்டில்.

ஒப்பந்தமாகக் கொடுக்காமல் பொருள் நீங்கள் வாங்கி, கூலிக்கு மட்டும் ஆள் வைத்தால் செலவு கணிசமாக இறங்கும். அதற்கு அளவு தெரிய வேண்டும். 20-க்கு 15 அடியில், நடுவில் ஒரு குறுக்குச் சுவரோடு, பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால் கதவு ஜன்னல் போகச் சுவர்ப் பரப்பு 750 சதுர அடி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்றால் 7,000 முதல் 7,500 கல். அதையே 16-க்கு 8-க்கு 6 அங்குல சிமெண்ட் கல்லில் எழுப்பினால் சேதாரம் சேர்த்து 900 போதும், கலவையும் கூலியும் குறையும். திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளை அருகில் இருந்தால் செங்கல், மற்றபடி சிமெண்ட் கல் என்று முடிவு செய்யலாம். மண் கலவையில் சுவர் எழுப்பினால் பில் ஆகாது.

தளம் 300 சதுர அடி, ஐந்து அங்குலக் கனம் என்றால் 125 கன அடி கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் சிமெண்ட் 28 மூட்டை, எம்-சாண்ட் அரை யூனிட்டுக்கு (ஒரு யூனிட் நூறு கன அடி) சற்று மேல், முக்கால் அங்குல ஜல்லி ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், கம்பி சுமார் 280 கிலோ. கலவை மெஷின்காரர் "இன்னும் ரெண்டு குடம் ஊத்துங்க" என்பார். தண்ணீர் கூடக்கூடத் தளத்தின் பலம் குறையும், ஐப்பசி மழையில் கசியும். கம்பிக்குக் கீழே கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சின்னக் கான்கிரீட் கட்டை) வைக்காமல் ஜல்லியைச் சொருகுவது இன்னொரு பழக்கம். கடலோர ஒன்றியங்களில் அப்படிப் போட்ட தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழும். முன்பு அரசுத் திட்டத்தில் கட்டிய பழைய தொகுப்பு வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

வீடு முழுவதற்கும் சதுர அடிக்கு 0.4 மூட்டை என்ற மேஸ்திரிக் கணக்கில் 144 மூட்டை சிமெண்ட். ஒன்றியக் கிடங்கில் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றி வராதீர்கள். குடிசையில் தரையில் அடுக்கிய சிமெண்ட் மூன்று மாதத்தில் கட்டி தட்டும். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். இரண்டு நடையாக எடுப்பதுதான் நல்லது. வண்டி வாடகையும் ஏற்றுகூலியும் உங்கள் செலவில் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தளத்துக்குப் பத்து நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிற்க வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி (PPC) வகை சிமெண்ட். அது மெதுவாகத்தான் இறுகும். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஓடுகிறது என்று ஐந்தாம் நாளே பிரிக்கச் சொல்பவரைக் கேட்காதீர்கள்.

காலம்: தையில் கடைக்கால் போட்டால் வைகாசிக்குள் தளம் முடியும். ஆடி போகட்டும் என்று ஆவணியில் தொடங்குகிறவர்கள் லிண்டலில் வடகிழக்குப் பருவமழையிடம் மாட்டுகிறார்கள். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் களிமண் பூமி. மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். அங்கே கருங்கல் கட்டுக்கு மேல் பிளிந்த் பீம் (சுவருக்கு அடியில் சுற்றி ஓடும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை) இல்லாமல் சுவரை எழுப்பினால் இரண்டாம் கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். ரோட்டு மட்டத்திலிருந்து இரண்டடியாவது உயர்த்துங்கள். ரோடு போடும் ஒவ்வொரு முறையும் அது உயர்கிறது, வீடு உயர்வதில்லை.

நூறு நாள் கூலியைப் பலர் கோட்டை விடுகிறார்கள். வேலை அட்டை, திட்டத்தில் உங்கள் வீட்டுக்குத் தந்த எண்ணோடு இணைந்திருக்க வேண்டும், வேலை நடக்கும்போதே வருகைப் பட்டியல் திறக்க வேண்டும். வீடு முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது. சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டே ஊரில் கல் சுமந்ததாகப் பெயர் ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம். சமூகத் தணிக்கையில் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். ஊரில் இருக்கும் அம்மாவின் அட்டையில் நேர்மையாக ஏற்றினால் போதும்.

கழிப்பறைக்கு 12,000 தருவது இரட்டைக் குழி முறைக்கு. ஒரு குழி நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததற்குத் திருப்ப வேண்டும். செப்டிக் டேங்க் கட்டினால் மீதி உங்கள் கைச்செலவு. அடிபம்பிலிருந்து பத்து மீட்டர் தள்ளித் தோண்டுங்கள்.

கை நீட்டுகிறவர்கள்

பட்டியலில் சேர்க்க, போட்டோ ஏற்ற, பில் போட எதற்கும் கட்டணம் கிடையாது. இருந்தும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். சேவை என்ற முறையில் இத்திட்டங்களுக்கு மதிப்பெண் மிகக் குறைவது இந்த இடத்தில்தான். கட்டிய பிறகே பணம் என்ற ஏற்பாடே இதற்கு உரம்: வட்டிக்கு வாங்கிக் கட்டியவர் பில்லுக்காக எதையும் கொடுத்துவிடுவார். பில் ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் முதல்வரின் உதவி மையம் 1100-இல் புகார் பதிந்து எண்ணை வாங்குங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு: "எனது வீட்டின் இன்ன கட்டத்துக்கான அளவுப் புத்தகப் பக்கத்தின் நகல் வேண்டும்." கேள்வியை அவ்வளவு குறுக்கிக் கேட்டால் பதில் எழுதுவதைவிடப் பில்லைப் போடுவது அவர்களுக்குச் சுலபம்.

கடைசியாக, பழைய தொகுப்பு வீட்டில் இருப்பவர்களுக்கு. உங்கள் வீடு குடிசைக் கணக்கில் வராது, கனவு இல்லத்தில் பெயர் தேடி அலைய வேண்டாம். 2000-01-க்கு முன்னால் அரசுத் திட்டத்தில் கட்டிய வீடுகளுக்குப் பழுதுபார்ப்புத் திட்டம் 2024-25-இல் வந்தது. பழுதுபார்க்க முடியாத அளவுக்குப் போனவற்றை இடித்துக் கட்ட 2025-26 பட்ஜெட்டில் 25,000 வீடுகளுக்கு 600 கோடி ஒதுக்கினார்கள், வீட்டுக்குச் சராசரி 2.40 லட்சம். தளத்தில் கம்பி தெரியும் இடங்களை, அறை எது என்று தெரியும்படி, தேதியோடு போட்டோ எடுத்து, அடுத்த கிராம சபையில் மனுவோடு கொடுங்கள். மழைக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டு ஆய்வுக்கு வரச் சொன்னால், வந்தவர் "நல்லாத்தானே இருக்கு" என்று எழுதிவிட்டுப் போவார்.